அரசுத் தரப்பில் நான்

16 பிப்ரவரி 2022, புதன்

கொரோனாக் கட்டுப்பாடுகள் போய் நீதிமன்றம் முழுதாகத் திறந்து இரண்டாவது வாரம். பீரோவிலிருந்து எடுத்த கறுப்புக் கோட்டில் காலர் ஓரமெல்லாம் பூசணம். இஸ்திரிக்காரர் முகர்ந்து பார்த்துவிட்டு, "ரெண்டு நாள் வெயில்ல போடணும்மா" என்றார். இரண்டு நாளுக்கு எங்கே போவது? ஈரத்துணியால் துடைத்து மாட்டிக்கொண்டு போனேன்.

மகளிர் நீதிமன்றத்தில் தேங்கிய வழக்குகளைத் தேதி போட்டுக் கொடுக்கிறார்கள். இன்று ஏழு வழக்குக் கட்டுகள் என் மேசைக்கு வந்தன. அதில் ஒன்று கொலை. எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவள், இருளேஸ்வரி. கைதானபோது வயது பத்தொன்பது. ராமநாதபுரம் பக்கத்துக் கிராமம். இங்கே ஒரு நூற்பாலையில் விடுதியில் தங்கி வேலை பார்த்தவள். விடுதிக் குளியலறையில் குழந்தை பெற்று, துணியால் வாயைப் பொத்திக் கொன்று, கழிவுப் பஞ்சு கொட்டும் குழியில் மறைத்தாள் என்பது குற்றச்சாட்டு. 2020 பிப்ரவரியில் கைது. ஜாமீனுக்குக் கையெழுத்துப் போட ஆள் இல்லாமல் இரண்டு வருடமாகச் சிறையில் இருக்கிறாள்.

நாற்பது நிமிடத்தில் கட்டைப் படித்துவிட்டேன். குழந்தை அழும் சத்தத்தைக் கேட்ட விடுதிக் காப்பாளர் இருக்கிறார். உயிரோடு பிறந்தது என்று மருத்துவ அறிக்கை இருக்கிறது. எளிய வழக்கு. அரசுத் தரப்பு வழக்கறிஞராக என் பதவிக்காலம் ஜூனில் முடிகிறது. நீட்டிப்புக் கேட்கும்போது கையில் ஓர் ஆயுள் தண்டனை இருந்தால் நல்லது என்று மாவட்ட அரசு வழக்கறிஞர் சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

மகள் சம்யுக்தா நேற்றுப் போன் செய்யவில்லை. செவ்வாய்க்கிழமைகளில் செய்வாள்.

20 பிப்ரவரி, ஞாயிறு

கிரைண்டரில் மாவு ஓடிக்கொண்டிருந்தபோது சாப்பாட்டு மேசையில் அந்தக் கட்டை விரித்து வைத்திருந்தேன். என் கணவர் பேப்பரும் கையுமாக வந்து எட்டிப் பார்த்தார். வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு என் வழக்குகளைக் கதை மாதிரி கேட்பது அவருக்கு ஒரு பொழுதுபோக்கு.

"என்ன கேசு, சௌந்தரம்?"

சொன்னேன்.

"பொண்ணுக்கு என்ன வயசு?"

"அப்ப பத்தொம்போது."

பேப்பரை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டுச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றப் போனார். காலையில்தான் ஊற்றியிருந்தார்.

மாவு இந்த முறை நன்றாகப் பொங்கியது. வெயில் வந்துவிட்டது.

22 பிப்ரவரி, செவ்வாய்

சம்யுக்தா பேசினாள். மூன்று நிமிடம் பத்து நொடி. புனேயில் இன்னும் குளிர்கிறதாம். வேலை பரவாயில்லையாம். அப்பாவின் சர்க்கரை அளவைக் கேட்டாள். "நீ எப்படியிருக்க?" என்றேன். "இருக்கேம்மா" என்றாள். அதற்குமேல் என்ன கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. நாள் முழுக்க மற்றவர்களைக் கேள்வி கேட்டுப் பிழைக்கிறவள் நான்.

26 பிப்ரவரி, சனி

காப்பாளர் ஜெபமணியை வரச் சொல்லியிருந்தேன். அரசுத் தரப்புச் சாட்சிகளிடம், போலீஸில் சொன்னது நினைவிருக்கிறதா என்று ஒருமுறை கேட்டுக்கொள்வது வழக்கம். ஐம்பது வயதிருக்கும். கணவர் இல்லை. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"குழந்தை அழுததை எப்போது கேட்டீர்கள்?" என்று ஆரம்பித்தேன்.

கொஞ்ச நேரம் கைப்பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தார். "மேடம், உங்ககிட்ட சொன்னா வெளிய போகாதுல்ல?"

"எதைச் சொல்லப் போறீங்கன்னு தெரியாம நான் எப்படிச் சொல்றது?"

"நான் ஒண்ணும் கேக்கல மேடம். மில் ஆபீஸ்ல எழுதி வச்சிருந்தாங்க, நான் கையெழுத்துப் போட்டேன். பிள்ள உசிரோட பொறந்துச்சுன்னு வந்துட்டா கேசு அவளோட முடிஞ்சிரும், மில்லுக்குள்ள வராதுன்னு பேசிக்கிட்டாங்க."

அந்தப் பெண் கர்ப்பமாக இருந்தது யாருக்கும் தெரியாதா என்று கேட்டேன்.

"தெரியாம இருக்குமா? ஒரே ரூம்ல பன்னெண்டு பேரு. வாய்வுன்னு பேசிக்கிட்டோம். அவளும் ஆமான்னா. அன்னிக்கிக் காலம்பற வரைக்கும் ஷிஃப்ட்டு பாத்தா."

"குழந்தைக்கு அப்பா யாரு?"

"சூப்பர்வைசர் ஒருத்தர் இருந்தாரு. அந்த வாரமே வேற ஊர் மில்லுக்கு மாத்திட்டாங்க." பெயரைக் கேட்டேன். சொல்லவில்லை.

சாட்சிக் கூண்டில் உண்மையைச் சொல்லுங்கள், அதுதான் உங்களுக்கும் நல்லது என்றேன். அப்படிச் சொல்வது என் கடமை. ஜெபமணி எழுந்து நின்று, "உண்மையச் சொன்னா அந்த விடுதி ரூம காலி பண்ணச் சொல்லுவாங்க மேடம். எனக்கு வேற வீடு கெடையாது" என்றார். போகும்போது கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனார்.

1 மார்ச், செவ்வாய்

வழக்கை விசாரித்த இன்ஸ்பெக்டரிடம் பேசினேன். இப்போது வேறு ஸ்டேஷனில் இருக்கிறார்.

"அந்த சூப்பர்வைசரை ஏன் விசாரிக்கல?"

"மேடம், அப்பா யாருன்னு கண்டுபிடிச்சு நமக்கு என்ன ஆகப்போகுது? நம்ம கேசு கொலைக் கேசு. செஞ்சவ உள்ள இருக்கா."

குழந்தையின் மரபணு மாதிரி எடுத்து வைத்திருக்கிறதா என்றேன். இல்லை. உடலை அடக்கம் செய்தாகிவிட்டது. இனி யாராலும் நிரூபிக்க முடியாது. இருந்தாலும் மேல்விசாரணை வேண்டும் என்று மாவட்டக் காவல் அலுவலகத்துக்கு எழுதி அனுப்பினேன். அனுப்பிவிட்டுத்தான் யோசித்தேன், அரசுத் தரப்பு வழக்கறிஞரான நானே அரசுத் தரப்பு வழக்கில் ஓட்டை இருக்கிறது என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

காஸ் சிலிண்டர் பதிவு செய்தேன். சம்யுக்தா பேசவில்லை. 'மீட்டிங்' என்று ஒரு வரி அனுப்பினாள்.

8 மார்ச், செவ்வாய்

மகளிர் தினம். நீதிமன்ற வளாகத்தில் விழா. எல்லாப் பெண்களுக்கும் ஒரு ரோஜாவும் பேனாவும் கொடுத்தார்கள். என்னைப் பேசச் சொன்னார்கள். பெண்களுக்குச் சட்டம் தந்திருக்கும் பாதுகாப்புகள் பற்றிப் பத்து நிமிடம் பேசினேன். இருபது வருடமாகப் பேசுகிற பேச்சு. கைதட்டினார்கள்.

மாடியேறி வந்தபோது வராந்தா பெஞ்சில் இருளேஸ்வரி உட்கார்ந்திருந்தாள். இன்று குற்றச்சாட்டைப் படித்துக் காட்டும் நாள். காவலுக்கு வந்த ஏட்டு செண்பகம் தனக்குக் கிடைத்த ரோஜாவை அவளிடம் கொடுத்திருந்தார் போலிருக்கிறது. அதைத் தலையில் வைப்பதா கையில் வைத்திருப்பதா என்று தெரியாமல் மடியில் போட்டு வைத்திருந்தாள். ஒல்லி. முடியைக் காதுவரை வெட்டியிருக்கிறார்கள். பேன் தொல்லையாம்.

நீதிபதி குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்டார். "மறைச்சு வச்சது நாந்தாங்கய்யா. கொல்லல" என்றாள். எழுதிக்கொண்டார்கள்.

செண்பகம் என்னிடம் சொன்னார்: "ரெண்டு வருசமா நான்தான் மேடம் கூட்டிட்டு வர்றேன். ஒரு ஆள் வந்து எட்டிப் பாத்ததில்ல. அவ அப்பாக்கு நானே போன் பண்ணேன். அப்படி ஒரு மக இல்லன்னுட்டாரு."

அவளுக்கு இலவச சட்ட உதவியில் சங்கரலிங்கம் சார் ஆஜராகிறார். அறுபது தாண்டியவர், போன வருடம் இதய அறுவை சிகிச்சை. "நான் பெருசா குறுக்கு விசாரணை பண்ணப் போறதில்லம்மா. கருணை மனசோட தண்டனையக் கொறைங்கன்னு கேட்டுக்குவேன்" என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் அப்படி இருப்பது எனக்கு வசதி என்று ஒரு கணம் தோன்றியது. அதுதான் உறுத்துகிறது.

15 மார்ச், செவ்வாய்

ஜெபமணி சாட்சி சொன்னார்.

வெள்ளைச் சேலை, கழுத்தில் மெல்லிய சிலுவைச் சங்கிலி. நீதிமன்றத்தின் கடைசி வரிசையில் ஆலையின் மனிதவளப் பிரிவிலிருந்து ஒருவர் வந்து உட்கார்ந்திருந்தார். அவரை நான் பார்த்தேன். ஜெபமணியும் பார்த்தார்.

"சம்பவத்தன்று என்ன கேட்டீர்கள்?"

"குழந்தை அழுற சத்தம் கேட்டுச்சுங்கய்யா."

மணி என்ன? காலை பதினொன்று. சத்தம் எங்கிருந்து? குளியலறைப் பக்கமிருந்து. எல்லாம் எழுதிக் கொடுத்தபடியே. இத்துடன் நான் உட்கார்ந்திருக்கலாம். சங்கரலிங்கம் சார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் எதையும் கேட்கப் போவதில்லை.

நான் உட்காரவில்லை.

"அந்த நேரத்தில் நீங்கள் எங்கே இருந்தீர்கள்?"

"என் ஆபீஸ் ரூம்ல."

"அது எங்கே இருக்கிறது?"

"நூற்புக் கூடத்துக்குப் பக்கத்துல."

"அப்போது இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தனவா?"

"ஞாயித்துக்கெழம தவிர எப்பவும் ஓடும்."

"அது என்ன கிழமை?"

யோசித்தார். "செவ்வாய்."

"உங்கள் அறையில் ஒருவர் எதிரே நின்று பேசினால் கேட்குமா?"

ஜெபமணி என்னைப் பார்த்தார். கடைசி வரிசையைப் பார்த்தார். இருளேஸ்வரியைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கத்திப் பேசினாத்தான் கேக்கும்" என்றார்.

"அந்த அறைக்கும் குளியலறைக்கும் எவ்வளவு தூரம்?"

"நடந்தா அஞ்சு நிமிசம்."

நீதிபதி எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்தார். வேறு கேள்வி இல்லை என்று உட்கார்ந்தேன். சங்கரலிங்கம் சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நான் யார் பக்கம் என்று சந்தேகம் வந்தவர்போலப் பார்த்தார்.

16 மார்ச், புதன்

மாவட்ட அரசு வழக்கறிஞர் போனில் கேட்டார்: "உங்களுக்கு உடம்பு சரியில்லையா, மேடம்?"

19 மார்ச், சனி

பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் கதிரவனைப் பார்த்தேன். வரும் வாரம் அவர் சாட்சி. குழந்தையின் நுரையீரல் தண்ணீரில் மிதந்தது, ஆகவே அது மூச்சு விட்டிருக்கிறது, உயிருடன் பிறந்திருக்கிறது. இந்த ஒரு வரியின் மேல்தான் இந்த வழக்கே நிற்கிறது.

"உடல் எப்ப உங்ககிட்ட வந்தது டாக்டர்?"

"மூணு நாள் கழிச்சு. பஞ்சுக் குவியல்ல சூடு அதிகம். அழுக ஆரம்பிச்சிருந்துது."

"அதனால ஏதாவது வித்தியாசம் உண்டா?"

டாக்டர் நேர்மையானவர். டீ கிளாஸை ஓரமாக நகர்த்தி வைத்தார். "அழுகினா உள்ள வாயு சேந்துரும் மேடம். அந்த நெலமையில நுரையீரல் மட்டுமில்ல, ஈரலப் போட்டாலும் மிதக்கும். அந்தச் சோதனைய வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. காயமும் எதுவும் இல்ல."

"அறிக்கையில இதை ஏன் எழுதல?"

"எழுதியிருக்கேனே. 'உயிருடன் பிறந்திருக்கலாம்'னுதான் எழுதினேன். குற்றப்பத்திரிகையில 'லாம்' விழுந்துருச்சு. 'பிறந்திருக்கிறது'ன்னு ஆக்கிட்டாங்க."

அலுவலகம் வந்து மூல அறிக்கையை எடுத்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. நான்தான் அதைப் படிக்கவில்லை. அந்த நாற்பது நிமிடத்தில் குற்றப்பத்திரிகையின் சுருக்கத்தை மட்டும் படித்திருக்கிறேன். இதற்கு முன்னால் எத்தனை கட்டுகளை அப்படிப் படித்தேன் என்று எண்ண ஆரம்பித்து, நிறுத்திவிட்டேன்.

வீட்டுக்கு வந்து என் கணவரிடம் சொன்னேன். "நீ ஏன் மெனக்கெடுற? அத எதிர்க்கட்சி வக்கீல் கேக்கட்டும்" என்றார்.

"அவர் கேக்கமாட்டார்."

"கேக்கலன்னா உன் தப்பா?"

குக்கர் வைத்தேன். பருப்பு குழைந்துவிட்டது.

24 மார்ச், வியாழன்

கேட்டேன்.

"டாக்டர், அழுகிய நிலையில் உள்ள உடலில் நுரையீரல் மிதப்பதை வைத்துக் குழந்தை உயிருடன் பிறந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியுமா?"

"முடியாது."

நீதிபதி குனிந்து கேட்டார், "இந்தக் கேள்வியை அரசுத் தரப்பு கேட்கிறதா?"

"ஆமாம் ஐயா. அரசுத் தரப்புதான் கேட்கிறது."

என் குரல் எனக்கே கொஞ்சம் சத்தமாக இருந்தது. இன்ஸ்பெக்டர் எழுந்து வெளியே போனார். சாயங்காலம் படியிறங்கும்போது சங்கரலிங்கம் சார் கூட நடந்து வந்தார். "முப்பத்தஞ்சு வருசம் தொழில் பண்ணிட்டேம்மா. அத நான் கேட்டிருக்கணும்" என்றார். அவரால் வேகமாக இறங்க முடியவில்லை. நானும் மெதுவாக இறங்கினேன்.

29 மார்ச், செவ்வாய்

சம்யுக்தா பேசினாள். அவளிடம் இந்த வழக்கைச் சொல்ல ஆரம்பித்தேன். "ஒரு பொண்ணும்மா, பத்தொம்போது வயசு..." என்று தொடங்கியதும், "ம்ம். சரிம்மா, கால் வருது" என்று வைத்துவிட்டாள்.

சொல்லியிருக்கக் கூடாது.

7 ஏப்ரல், வியாழன்

இன்று நீதிபதி எதிரியை நேரடியாக விசாரிக்கும் நாள். சாட்சிகள் சொன்னதற்கு உன் விளக்கம் என்ன என்று அவளையே கேட்பார். பெரும்பாலும் எல்லோரும் 'பொய்' என்று ஒரு வார்த்தையில் முடிப்பார்கள். எனக்கு அப்போது எந்த வேலையும் இல்லை. கேட்டுக்கொண்டிருப்பதுதான்.

சாட்சியத்தை ஒவ்வொன்றாகச் சொல்லி முடித்து, "நீ ஏதாவது சொல்ல விரும்புகிறாயா?" என்றார் நீதிபதி.

முதலில் தலையை ஆட்டினாள். செண்பகம் அவள் முழங்கையைத் தொட்டார். பிறகு பேச ஆரம்பித்தாள். சத்தம் வரவில்லை. கிளார்க், "சத்தமாச் சொல்லும்மா" என்றார்.

"வயித்து வலின்னுதாங்கய்யா குளிக்கிற ரூமுக்குப் போனேன். அதுக்குள்ள வந்துருச்சு. கண்ண மூடியே இருந்துச்சு. அழுகல. எங்க வீட்டுல ஆடு இருக்கு. குட்டி மூச்சு விடாமக் கெடந்தா எங்கம்மா பின்னங்காலப் பிடிச்சுத் தூக்கி முதுகுல தட்டும். மூக்குல ஊதும். நானும் அப்படித் தட்டுனேன். ஊதுனேன். ரொம்ப நேரம் பாத்தேங்கய்யா. தண்ணி ஊத்திக் கழுவுனேன். என் பாவாடையிலதான் சுத்துனேன்."

"ஏன் யாரையும் கூப்பிடவில்லை?"

"பயம்."

"இத்தனை மாதமாக யாரிடமும் சொல்லவில்லையா? விடுதியில், வேலை செய்யும் இடத்தில்?"

அவள் அந்தக் கேள்வியைச் சரியாகப் புரிந்துகொள்ள முயல்வதுபோல நீதிபதியைப் பார்த்தாள்.

"யாரும் கேக்கலங்கய்யா" என்றாள்.

நீதிபதி அந்தப் பதிலை அவள் சொன்ன வார்த்தையிலேயே பதிவு செய்யச் சொன்னார்.

வீட்டுக்கு வரும் வழியில் காய்கறிக் கடையில் வண்டியை நிறுத்தினேன். என்ன வாங்க வந்தேன் என்று நினைவில்லை. திரும்பி வந்துவிட்டேன்.

9 ஏப்ரல், சனி

இதை எழுதாமலே இருந்திருக்கிறேன். ஏழு வருட நாட்குறிப்புகளில் ஒரு வரிகூட இல்லை. 2015 ஜூலையில் அந்த வாரத்துப் பக்கங்களில் 'மழை', 'வழக்கு ஒத்திவைப்பு', 'ஈரோடு பயணம்' என்று மட்டும் இருக்கிறது.

சம்யுக்தா அப்போது கல்லூரியில் இரண்டாம் வருடம். பத்தொன்பது வயது. திங்கட்கிழமை எனக்குத் தெரிந்தது. புதன்கிழமை ஈரோட்டில், என்னுடன் படித்த தோழியின் ஆஸ்பத்திரியில், முடிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அவளை விடுதியில் விட்டுவிட்டு, செவ்வாய் முதல் நன்றாகச் சாப்பிட்டாளா என்று போன் செய்ய ஆரம்பித்தேன். எல்லாம் சட்டப்படிதான். அந்தச் சட்டத்தை வரி பிசகாமல் எனக்குத் தெரியும். அவள் மேஜர். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து அவள்தான் போட்டாள். எங்கே போட வேண்டும் என்று நான் விரலை வைத்துக் காட்டினேன்.

ஏன், யார், விருப்பத்தோடு நடந்ததா, பயந்தாயா, உனக்கு என்ன வேண்டும், எதையும் நான் கேட்கவில்லை. நான் கேட்டது ஒன்றே ஒன்று: "எத்தன வாரம்?"

இரண்டும் ஒன்றல்ல. நீதிமன்றத்தில் யாராவது இப்படி ஒப்பிட்டால் எழுந்து நின்று ஆட்சேபிப்பேன். என் மகளுக்கு டாக்டர் இருந்தார், கார் இருந்தது, ஏசி அறை இருந்தது. அவளை யாரும் எந்தக் கூண்டிலும் ஏற்றவில்லை. அதற்காகத்தான் அவ்வளவு அவசரப்பட்டேன். அவளைக் காப்பாற்றத்தான் செய்தேன்.

அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன் என்று எழுதுவது சரியாக இருக்கும்.

அவரிடம், "நாம சம்யுவ ஒரு வார்த்த கேட்டிருக்கலாமோ?" என்றேன். "அத ஏன் இப்பக் கெளறுற?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மாத்திரை டப்பாவை எடுத்து, செவ்வாய் புதன் வியாழன் என்று ஒவ்வொரு கட்டமாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

12 ஏப்ரல், செவ்வாய்

இறுதி வாதம். இருபது நிமிடம் பேசினேன். குழந்தை உயிருடன் பிறந்தது என்பதற்கு நம்பத்தக்க சாட்சியம் அரசுத் தரப்பில் இல்லை, ஆகவே கொலைக் குற்றச்சாட்டை வலியுறுத்தவில்லை என்றேன். பிறப்பை மறைத்த குற்றம் மட்டும் நிரூபணமாகிறது. அதற்குச் சட்டம் தரும் அதிகபட்சத் தண்டனை இரண்டு வருடம். எதிரி இருபத்தாறு மாதங்களாகச் சிறையில் இருக்கிறாள். குழந்தையின் தந்தை விசாரிக்கப்படவில்லை என்பதையும், நான் எழுதிய கடிதத்துக்கு இதுவரை பதில் இல்லை என்பதையும் பதிவு செய்தேன்.

சங்கரலிங்கம் சார் எழுந்து, "அரசுத் தரப்பு வாதத்தை நான் அப்படியே ஏற்றுக்கொள்கிறேன்" என்றார்.

சம்யுக்தா பேசவில்லை.

14 ஏப்ரல், வியாழன்

சித்திரை முதல் நாள். பாயசம் வைத்தேன். இரண்டு பேருக்கு அளவு தெரியாமல் நிறைய மிஞ்சிவிட்டது.

21 ஏப்ரல், வியாழன்

தீர்ப்பு. கொலைக் குற்றத்திலிருந்து விடுதலை. பிறப்பை மறைத்த குற்றத்துக்கு, சிறையில் ஏற்கனவே இருந்த காலமே தண்டனை. சட்டம் கொடுக்கக்கூடியதைவிட இரண்டு மாதம் கூடுதலாக அவள் அனுபவித்துவிட்டாள். அதை அவளுக்கு யாராலும் திருப்பித் தர முடியாது. சூப்பர்வைசரைப் பற்றித் தீர்ப்பில் ஒரு பத்தி இருக்கிறது. 'விசாரணை அதிகாரி கவனம் செலுத்தியிருக்க வேண்டும்.' ஒரு பத்தி அவ்வளவுதான் செய்யும்.

இருளேஸ்வரிக்கு விடுதலை என்று புரிய நேரமாயிற்று. செண்பகம் காதில் சொன்னதும், "இன்னைக்கேவா?" என்று கேட்டாள். சந்தோஷம் இல்லை. எங்கே போவது என்ற திகைப்புதான் முகத்தில் தெரிந்தது.

மாலையில் மேலிடத்திலிருந்து வந்த கடிதம் ஒன்று மேசையில் இருந்தது. அரசுத் தரப்புக்கு எதிராகக் கேள்விகள் கேட்டதற்கு எழுத்துபூர்வமான விளக்கம் வேண்டுமாம். பதினைந்து நாள் அவகாசம். நீட்டிப்பு வராது. ஜெபமணியை ஆலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள் என்றும் இன்றுதான் தெரிந்தது. தங்கை வீட்டில் இருக்கிறாராம். அவருக்குப் போன் செய்தேன். "நான் சொன்னது சொன்னதுதான் மேடம். விடுங்க" என்றார். அவர் குரலில் என்மேல் வருத்தம் இருந்ததா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இருந்திருக்க வேண்டும்.

26 ஏப்ரல், செவ்வாய்

பத்து மணிக்கு செண்பகம் இருளேஸ்வரியை என் அலுவலகத்துக்கு அழைத்து வந்தார். சிறையிலிருந்து வந்த பிறகு அரசுப் பெண்கள் இல்லத்தில் இருக்கிறாள். யாரோ கொடுத்த மஞ்சள் சுடிதார், தோளில் பெரிதாக இருந்தது.

"மேடம்கிட்ட ஒண்ணு கேக்கணுமாம்" என்றார் செண்பகம்.

நின்றுகொண்டே இருந்தாள். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"புள்ளைய எங்க பொதைச்சாங்கம்மா?"

வழக்குக் கட்டுக்குள் எங்கோ இருக்கும் என்றேன். தேடினேன். உடல் ஒப்படைப்புச் சீட்டு ஒன்று, கடைசியிலிருந்து மூன்றாவது தாள். 'பெண் சிசு. உறவினர் யாரும் பெற்றுக்கொள்ளாததால் நகராட்சி மயானத்தில் அடக்கம்.' இந்தத் தாள் என்னிடமிருந்த கட்டுக்குள் இரண்டு மாதமாக இருந்திருக்கிறது.

"பொம்பளப் புள்ளைன்னு எனக்குத் தெரியும்" என்றாள்.

காரில் கூட்டிப் போனேன். செண்பகமும் வந்தார். மயானத்தில் இருந்த ஊழியர் நோட்டைப் புரட்டித் தேதியைக் கண்டுபிடித்தார். "கைக்குழந்தைங்கள அந்த மூலையிலதான் வைப்போம்" என்று சுவரோரம் காட்டினார். கருவேலஞ்செடி முளைத்துப் புதராகக் கிடந்தது. எந்த இடம் என்று சரியாகச் சொல்ல முடியாதாம். கொரோனாவில் மண்ணை நிரவிவிட்டார்கள்.

அவள் புதருக்கு முன்னால் போய் நின்றாள். இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே என்று நடந்தாள். ஒரு இடத்தைத் தேர்ந்தெடுப்பதுபோல. பிறகு தேர்ந்தெடுக்காமலே தரையில் உட்கார்ந்தாள். செண்பகம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். முள் சேலையில் மாட்டியது. எதையாவது சொல்வதற்குப் பதிலாகக் கேட்டேன்.

"பேரு எதுவும் நெனச்சிருந்தியா?"

அவள் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். உதடு கோணிக்கொண்டு போயிற்று. இரண்டு வருடத்தில் எந்த விசாரணையிலும் அழாத பெண், வாயைக் கையால் பொத்திக்கொண்டு, சத்தம் வெளியே வந்துவிடக் கூடாது என்று பழகிப்போனவள்போல அழுதாள். "கையை எடும்மா. இங்க யாருமில்ல" என்றேன். கையை எடுத்தாள்.

பெயரைச் சொன்னாள். அது அவளுடையது. இங்கே எழுதவில்லை.

1 மே, ஞாயிறு

செவ்வாய்க்கிழமைவரை காத்திருக்கவில்லை. நானே போன் செய்தேன். அவர் கோயிலுக்குப் போயிருந்தார்.

"அம்மா? அப்பாவுக்கு ஏதாவதா?"

"அப்பா நல்லாத்தான் இருக்கார். உன்ன ஒண்ணு கேக்கணும்."

"என்ன?"

"ஈரோடு போனோமே. அன்னிக்கி உனக்கு என்ன வேணும்னு நான் கேக்கல."

அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நின்றது.

"இப்ப எதுக்கும்மா இது?"

"கேக்கணும்னு ஏழு வருசமா..."

"ஏழு வருசமாவா? பொய் சொல்லாத."

"சரி. மூணு வாரமா."

சின்னதாக ஒரு சிரிப்பு வந்தது. சிரிப்புதானா என்று தெரியவில்லை. பிறகு பேசினாள். நடுவில் நான் குறுக்கிடவில்லை. தேதி கேட்கவில்லை, பெயர் கேட்கவில்லை. அவள் சொன்னதில் சிலவற்றை நான் ஊகித்திருந்தேன். மற்றவற்றை ஊகிக்க எனக்குத் தைரியம் இருந்ததில்லை. அவற்றையெல்லாம் இங்கே எழுத எனக்கு உரிமை இல்லை. கடைசியாக எனக்கென்று சொன்னதை மட்டும் எழுதி வைக்கிறேன்.

"நீ கேட்டிருந்தாலும் நான் அதத்தாம்மா சொல்லியிருப்பேன். நீ செஞ்ச அதேதான். ஆனா அது நான் செஞ்சதா இருந்திருக்கும்."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "வேணாம். நீ அதக் கேட்டா நான் பரவால்லன்னு சொல்லணும். எனக்கு இன்னும் பரவால்ல ஆகல" என்றாள்.

லீவுக்கு வருகிறாயா என்றேன். தெரியவில்லை என்றாள். வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் இருப்பதைவிட இது நல்லது என்றாள்.

அதன் பிறகும் இரண்டு பேரும் போனை வைக்கவில்லை. அவள் மூச்சு கேட்டுக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அவள் வீட்டு வாசலில் யாரோ மணி அடித்தார்கள். "பாக்குறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.